ராணுவம் கழித்த லாரி வாங்கலாமா? கேள்வி பதில்

ராணுவம் கண்டம் பண்ணி ஏலத்தில் விடும் லாரிகளைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். என் கை அதிகம் பட்டது அமெரிக்க எம்35 வகையில்தான் (1950-இல் வந்த, இரண்டரை டன் பாரம் ஏற்றும், ஆறு சக்கரமும் இழுக்கும் வண்டி). அதனால் உதாரணங்களும் அந்தப் பக்கமே சாயும்.

கேள்வி: அண்ணா, மீட்டர் 20,000 கிலோமீட்டரைக்கூடத் தாண்டவில்லை என்கிறார்கள். புது வண்டி மாதிரிதானே?

மீட்டரை மறந்துவிடுங்கள். இந்த வண்டிகள் ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதுதான் அதிகம். நின்ற இடத்திலேயே வீல் சிலிண்டர் இறுகும், டாங்கில் துரு பிடிக்கும், ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும், டீசல் பம்ப் சிக்கிக்கொள்ளும். ராணுவ டிப்போவில் முழுசாகப் பிரித்துப் பூட்டிய வண்டி என்றால் மீட்டரையே மாற்றியிருக்கலாம். கேபினுக்குள் இருக்கும் தகடுகளைப் படியுங்கள். சீரியல் எண் அதில் இருக்கும்; மறுபடி பூட்டியிருந்தால் பெரும்பாலும் அதற்கும் தனித் தகடு அடித்திருப்பார்கள். டயர் பக்கவாட்டையும் பாருங்கள். 2000-க்குப் பிறகு வந்த டயரில் நான்கு இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) முழுசாக இருந்தும் டயருக்கு வயது இருபதாக இருக்கும்!

கேள்வி: ஏல யார்டில் நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எதைப் பார்ப்பது?

வண்டிக்கு அடியில் படுங்கள். எல்லோரும் பானெட்டைத் திறந்து இஞ்சினைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

ஒருமுறை ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். புகை இல்லை, சத்தம் சீராக இருந்தது. கூட வந்தவர் "முடிச்சிடலாம்" என்றார். நான் அனுமதி கேட்டு, பின் ஆக்சிலின் அடிப் பிளக்கை இரண்டு மரை தளர்த்தினேன். முதலில் கால் டம்ளர் தண்ணீர் வந்தது, அப்புறம் பால் கலந்த மாதிரி வெளுத்த ஆயில். தண்ணீரில் இறங்கிய வண்டியோ, ஆக்சிலின் மூச்சுக் குழாய் அடைத்துப்போன வண்டியோ தெரியாது. பேரிங்கும் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கரங்களும் பல மாதம் அதில் ஊறியிருக்கின்றன. இம்மாதிரி வண்டிக்கு மூன்று ஆக்சில் என்பதையும் மறக்கக்கூடாது. வாங்காமல் வந்துவிட்டோம்.

அடுத்து முன் சக்கர முட்டிகளில் இருக்கும் ரப்பர் பூட். கிழிந்திருந்தால் உள்ளே மண் போயிருக்கும். பேட்டரி பெட்டியின் அடி, கேபின் தரை, சேஸில் இரண்டு தகடு ஒட்டுகிற இடங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பிரேக்குக்கான ஏர் டாங்கில் ஏறியதும் இஞ்சினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள், கசிவு தானாகப் பேசும்.

எம்35 பிரேக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏர் உதவியோடு வேலை செய்யும் ஆயில் பிரேக் அது. பழைய மாடல்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட்தான். எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் ஆறு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். வாங்கினால் முதல் செலவு பிரேக் ஹோஸ்களுக்கு, பெயின்டுக்கு இல்லை.

கேள்வி: மல்டிஃப்யூல் இஞ்சின் என்றால் எந்த எண்ணெயை ஊற்றினாலும் ஓடுமா?

எம்35-இன் பிந்தைய மாடலான எம்35ஏ2-வில் பரவலாக இருக்கும் எல்டிடி-465 இஞ்சின் டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள் எல்லாவற்றிலும் ஓடும். அவசரத்துக்குப் பெட்ரோலும் உண்டு. அது போர்க்களத்துக்கான வசதி. எரிபொருளின் அடர்த்தியைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பாகம் பம்பில் இருக்கிறது. வயதானால் கசிவது பெரும்பாலும் அங்கேதான். டீசலை ஊற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: சார், எனக்கு இரண்டாம் உலகப் போர் கால வண்டிதான் வேண்டும். ஜிஎம்சி ஒன்று பாதி பிரித்த நிலையில் கிடைக்கிறது.

ஜிஎம்சி கம்பெனியின் போர்க்கால லாரியான சிசிகேடபிள்யூ-வாக இருக்கும். 1941 முதல் 1945 வரை ஐந்தரை லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், அதனால் பாகம் இன்னும் புரள்கிறது. ஆனால் அதில் ஆக்சில் இரண்டு வகை: நடுவில் பிளந்த ஹவுசிங் ஒன்று, பான்ஜோ என்கிற உருண்டை ஹவுசிங் இன்னொன்று. ஒன்றின் உள்பாகம் மற்றதில் உட்காராது. எந்த வகை என்று தெரியாமல் உதிரி வாங்கி வைக்காதீர்கள்.

பாதி பிரித்த வண்டி எனக்குப் பிடிக்காது. இஞ்சின் இல்லாத வண்டியைக்கூட எடுப்பேன், இஞ்சினைத் தேடிப் பிடிக்கலாம். லைட் சுவிட்ச், கண்ணாடி பிராக்கெட், தார்ப்பாய்க் கம்பி, தகடு என்று நாற்பது சின்னச் சாமான் காணாமல் போன வண்டி ஆளையே தின்றுவிடும்.

கேள்வி: யூனிமோக் 404 எப்படி?

அழகான ஜெர்மன் வண்டி, போர்ட்டல் ஆக்சில் (சக்கர மையத்தைவிட உயரத்தில் இருக்கும் ஆக்சில்), ஏறாத இடம் இல்லை. 2.2 லிட்டர் பெட்ரோல் இஞ்சின் என்பதை மட்டும் வாங்கும்முன் யோசியுங்கள். வேகமும் இல்லை, சிக்கனமும் இல்லை.

கேள்வி: 24 வோல்ட் வண்டியில் பாட்டுப் பெட்டிக்கு ஒரு பேட்டரியில் மட்டும் 12 வோல்ட் எடுக்கலாமா?

கூடாது. ஒன்று இறங்கும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டும் போகும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

கேள்வி: ரிம்மை நானே கழற்றி பெயின்ட் அடிக்க நினைக்கிறேன்.

தயவுசெய்து நிறுத்திப் படியுங்கள். பல ராணுவ ரிம் இரண்டு பாதியாக வந்து போல்ட்டால் பிணைந்திருக்கும். இல்லையென்றால் டயரைப் பிடித்து வைக்கும் லாக் ரிங் (இரும்பு வளையம்) இருக்கும். காற்று இருக்கும்போது பாதிகளைப் பிணைக்கும் நட்டைத் தளர்த்தினால் ரிம் பிளந்து ஆளைக் கொன்றுவிடும். பிரிட்டிஷ் வண்டிகளில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்திருப்பார்கள். மேலே பச்சை பூசியிருந்தால் அதுவும் தெரியாது. சக்கரம் வண்டியில் இருக்கும்போதே வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுக்கப் போனதை உறுதி செய்துவிட்டுத்தான் எந்த நட்டையும் தொட வேண்டும். திரும்பக் காற்று ஏற்றுவது இரும்புக் கூண்டுக்குள்.

கேள்வி: பிரேக் ஆயில் ஊதா நிறத்தில் இருக்கிறது, கெட்டுவிட்டதா?

இல்லை, அது சிலிகான் ஆயில், டாட் 5. சாதாரண டாட் 3 அதோடு கலக்கக்கூடாது. மாற்றுவதானால் முழுசாகக் கழுவி மாற்றுங்கள்.

கேள்வி: பழைய பெயின்டைத் தேய்த்து எடுக்கலாமா?

1980-களிலோ அதற்குப் பிறகோ வந்த அமெரிக்க வண்டி என்றால் ரசாயனத் தாக்குதலைத் தாங்கும் பூச்சாக இருக்கலாம். அடிப் பூச்சில் குரோமியம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், சரியான முகமூடி வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும், போர்க்கால மீட்டர் முள்ளில் கதிர்வீச்சு விடும் ரேடியமும் இருக்கக்கூடும். அந்த மீட்டரைப் பிரித்துச் சுரண்டவே வேண்டாம்.

கேள்வி: பாகத்துக்காக இரண்டாவது வண்டி வாங்குவது லாபமா?

இடம் இருந்தால் லாபம்தான், அதே மாடலாக இருந்தால். அதற்கு முன் பாகங்களின் எண்களைப் படிக்கப் பழகுங்கள். நேட்டோ நாடுகளின் பாகத்துக்கு 13 இலக்க எண் உண்டு. முதல் நான்கு பொருளின் வகை: 2530 என்றால் பிரேக், ஸ்டீயரிங், ஆக்சில், சக்கரம். அடுத்த இரண்டு இலக்கம் நாட்டைச் சொல்லும்: 00, 01 அமெரிக்கா, 99 பிரிட்டன், 12 ஜெர்மனி. பல பேரிங்கும் ஆயில் சீலும் ராணுவ டப்பாவுக்குள் இருக்கும் சாதாரணக் கடைச் சரக்குதான். பழைய பேரிங்கைத் துடைத்து, அதில் வெட்டியிருக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு போனால் வேலை முடியும்.

கேள்வி: ஏலம் எடுத்தாயிற்று. அங்கிருந்து ஓட்டிக்கொண்டே வரலாமா?

பேப்பர் கைக்கு வந்ததா? சேஸ் எண்ணும் பேப்பரில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே உட்கார்ந்து ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் யார்டை விட்டு வண்டியை எடுக்கும்முன் திருத்தி வாங்குங்கள், அப்புறம் அலைய முடியாது. அந்த எடைக்கு உங்கள் லைசென்ஸ் செல்லுமா என்றும் பாருங்கள். காலி எம்35 வண்டியே ஆறு டன்னைத் தொடும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஓட்ட வேண்டாம், லோபெட்டில் (தாழ்வான டிரெய்லரில்) ஏற்றுங்கள். தார்ப்பாய்க் கம்பிகளைக் கழற்றி உள்ளே கட்டிவிட்டு, ஏற்றிய பிறகு தரையிலிருந்து உயரத்தை டேப் வைத்து அளந்து டிரைவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.