வெள்ளை இறகு ஏன் வெளுத்துப் போகிறது? பறவைப் படம் எடுப்பதும் எடிட் செய்வதும்: கேள்வி பதில்

வலசைப் பறவைகள் வரத் தொடங்கியதும் கேள்விகளும் வரத் தொடங்கிவிட்டன. ஒரே மாதிரிக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். படத்தோடு கேட்டவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன், படத்தைப் பார்த்தால்தான் கோளாறு எங்கே என்று பிடிபடுகிறது.

கேள்வி (செங்கல்பட்டு): வேடந்தாங்கலில் எடுத்த கொக்கு, கரண்டிவாயன் படங்களில் பறவை வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கிறது சார். லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் ஹைலைட்ஸைக் (படத்தின் வெளிச்சப் பகுதியை) குறைத்தால் சாம்பலாகிறதே தவிர இறகு வரவில்லை. ஏன்?

உங்கள் படத்தில் முக்கால்வாசி கரும்பச்சை மரமும் தண்ணீரும்தான், பறவை ஒரு ஓரத்தில் சின்னதாக இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டருக்கு அது கொக்கு என்றெல்லாம் தெரியாது, மொத்தக் காட்சியும் இருட்டாக இருக்கிறது என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது, மரம் அழகாக வரும், கொக்கு வெளுத்துப்போகும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலும் உச்சத்தைத் தொட்டுவிட்ட இடத்தில் எந்தத் தகவலும் பதிவாகவில்லை. இல்லாததை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது, அதனால்தான் சாம்பல் பூசியதுபோல் ஆகிறது.

எடுக்கும்போதே சரிசெய்ய வேண்டிய விஷயம் இது. வெள்ளைப் பறவை, இருட்டுப் பின்னணி என்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணிக்கும் வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 0.7-லிருந்து மைனஸ் 1.3 வரை இறக்குங்கள். கேமராவில் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டு வைத்தால் வெளுத்த இடம் திரையில் மினுக்கும். ஒரு படம் எடுத்துப் பாருங்கள், கொக்கின் முதுகு மினுக்கினால் இன்னும் இறக்குங்கள். மரம் இருட்டாக வந்தால் வரட்டும், ரா ஃபைலில் (கேமரா பதிவுசெய்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்திருந்தால் நிழலைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். காலை எட்டு மணிக்குள் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று எடுத்துப் பாருங்கள். சாய்ந்து விழும் வெயிலில்தான் ஒவ்வொரு இறகுக்கும் ஒரு மெல்லிய நிழல் விழுகிறது, வெள்ளைக்குள் வடிவம் தெரிவது அந்த நிழலால்தான்.

கேள்வி (திண்டுக்கல்): எனக்கு நேர்மாறான பிரச்சினை. வானத்தில் பறக்கும் பருந்து கறுப்பு நிழலாக வருகிறது.

அதே மீட்டர், அதே குழப்பம். வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது, பிளஸ் 1-லிருந்து பிளஸ் 1.7 வரை ஏற்றுங்கள். ஆனால் பருந்து மரத்துக்குப் பின்னாலிருந்து வானத்துக்கு வந்து மறுபடி மரத்துக்குள் போகிறது என்றால் ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அப்போது எல்லாவற்றையும் நீங்களே வைக்கும் மேனுவலுக்குப் போய், ஐஎஸ்ஓவையும் (ஒளி உணர்திறன் எண்) ஆட்டோவில் விடாமல் ஒரே எண்ணில் நிறுத்திவிடுங்கள். பின்னணி எவ்வளவு மாறினாலும் பறவையின் மேல் விழும் வெயில் மாறவில்லை அல்லவா, அதனால் எக்ஸ்போஷரும் மாற வேண்டியதில்லை. மேகம் மறைத்தால் மட்டும் திரும்பப் பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், கல்லூரி மாணவர்): அண்ணா, 70-300 லென்ஸ் வைத்திருக்கிறேன். நாய்ஸ் (படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்) வந்துவிடும் என்று ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்டுவதே இல்லை. ஆனால் பாதிப் படம் கலங்கலாக இருக்கிறது.

தம்பி, நீங்கள் பயப்பட வேண்டியது நாய்ஸுக்கு இல்லை. அனுப்பிய தேன்சிட்டுப் படத்தில் ஷட்டர் ஸ்பீடு 1/250 நொடி. தேன்சிட்டு கிளையில் உட்கார்ந்திருந்தாலும் தலை ஒரு நொடி சும்மா இருக்காது, அதற்கு 1/1000 வேண்டும். பறக்கும் நாரைக்கு 1/1600, தண்ணீரில் பாயும் மீன்கொத்திக்கு 1/3200 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஐஎஸ்ஓ 1600, 3200 போனாலும் போகட்டும். இன்றைய மென்பொருள்கள் நாய்ஸை நன்றாகவே துடைத்துவிடுகின்றன. அசைந்து கலங்கிய கண்ணைச் சரியாக்க ஒன்றும் இல்லை, சில மென்பொருள்கள் சரியாக்குவதுபோல் காட்டும், கிட்டே போய்ப் பார்த்தால் கண் கண்ணாடிக் குண்டு மாதிரி இருக்கும்.

கேள்வி (கோவை): கடன் வாங்கியாவது 600 எம்எம் லென்ஸ் வாங்கலாமா?

இப்போது வேண்டாம். முதலில் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் மடையானையும் நெடுங்கால் உள்ளானையும் இருப்பதை வைத்து எடுங்கள். கரையில் படுத்து, பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸைக் கொண்டுவந்தால் பின்னணி தூரமாகிக் கரைந்துவிடும். நின்றுகொண்டு 600-இல் எடுத்ததைவிட, படுத்து 300-இல் எடுத்தது நன்றாக இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். 24 மெகாபிக்ஸல் படத்தை நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்று க்ராப் செய்தாலும் 6 மெகாபிக்ஸல் மிஞ்சும், திரையில் பார்க்க அது தாராளம். இன்னொன்று, பழவேற்காடு, கோடியக்கரை மாதிரி வெட்டவெளியில் பத்து மணிக்கு மேல் கானல் எழும்பிவிடும். தூரத்துப் பூநாரையை எவ்வளவு விலை லென்ஸில் எடுத்தாலும் அலையலையாகத்தான் வரும், எடிட்டிங்கிலும் சரியாகாது. கிட்டே இருந்தால்தான் தப்பிக்கலாம்.

கேள்வி (மதுரை): எடிட்டிங்கில் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

நீங்கள் அனுப்பிய வெண்மார்பு மீன்கொத்தியையே எடுத்துக்கொள்வோம். முதலில் நூறு சதவீதம் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். கண் கூர்மையாக இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள், இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் இரவெல்லாம் உட்கார்ந்து உதவாத படத்தைத் தேய்த்துக்கொண்டிருப்போம். உங்கள் படத்தில் கண் பிரமாதம், கண்ணுக்குள் ஒளிப்புள்ளியும் இருக்கிறது.

அடுத்து நாய்ஸ் குறைப்பு, அதை ரா ஃபைலின் மேலேயே ஆரம்பத்தில் செய்துவிடுவது நல்லது. பிறகு ஒயிட் பேலன்ஸ், அதாவது படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்வது. மார்பின் வெள்ளையைத் தொட்டு நடுநிலையாக்கிவிடலாம் என்று தோன்றும், ஆனால் இது காலை வெயிலில் எடுத்தது, அந்த வெள்ளையில் லேசாக மஞ்சள் இருக்கத்தான் வேண்டும். சுத்த வெள்ளையாக்கினால் காலை நேரமே படத்தைவிட்டுப் போய்விடும்.

இப்போது நீலம். உங்கள் எடிட்டில் எனக்குப் பிடிக்காதது இதுதான். மீன்கொத்தியின் முதுகு நீலம் சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. அதனால்தான் வெளிச்சம் விழுவதைப் பொறுத்து அது பளிச்சென்றும் மங்கலாகவும் மாறுகிறது. நீங்கள் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) 40 ஏற்றியதும் நீலச் சேனல் நிரம்பி, இறகின் இழைக்கோடுகள் அழிந்து, முதுகு பெயின்ட் அடித்த தகரம் மாதிரி ஆகிவிட்டது. சாச்சுரேஷனைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, நீலத்தின் லூமினன்ஸை (பிரகாசத்தை) மட்டும் பத்து குறைத்துப் பாருங்கள். நிறம் ஆழமாகும், இழைகளும் திரும்ப வரும்.

அப்புறம் பறவையை மட்டும் தேர்ந்தெடுக்கும் மாஸ்க் போட்டு நிழலைக் கொஞ்சம் ஏற்றலாம். மென்பொருள் தானாகப் போடும் மாஸ்க்கை நம்பி விட்டுவிடாதீர்கள், அலகு நுனியையும் கால்விரலையும் அடிக்கடி தவறவிடும், பிரஷ்ஷை எடுத்துச் சேர்த்துவிடுங்கள். ஷார்ப்பனிங்கில் (கூர்மையாக்குவதில்) மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு நகர்த்தினால் திரை கறுப்பு வெள்ளையாகும். பின்னணி கறுப்பாகி இறகின் விளிம்புகள் மட்டும் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கடைசியாக க்ராப், பறவை பார்க்கும் திசையில் இடம் விட்டு. இணையத்தில் போட எஸ்ஆர்ஜிபி நிறவெளி, நீளப் பக்கம் 2048 பிக்ஸல் போதும்.

கேள்வி (சேலம்): முகத்துக்குக் குறுக்கே வந்த குச்சியை அழிக்கலாமா? வானத்தை மாற்றலாமா?

வீட்டுச் சுவரில் மாட்ட என்றால் குச்சியை அழியுங்கள், யாராவது கேட்டால் அழித்தேன் என்று சொல்லுங்கள். போட்டிக்கு அனுப்புவதற்கு முன்னால் விதிகளைப் படியுங்கள், பெரும்பாலும் அனுமதி இருக்காது. வானத்தை மாற்றுவது எனக்கு ஒப்புதல் இல்லை, அந்தப் பறவை அந்த வானத்தில் பறக்கவில்லை. பறவைகளைப் பதிவுசெய்யும் இபேர்டு தளத்தில் பதிவேற்றும் படத்தில் நிறத்தில் கை வைக்கவே வேண்டாம். குளிர்காலத்தில் வரும் இலைக்கதிர்க்குருவிகளில் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முதுகு பச்சையா பழுப்பா என்பதையும் பார்க்கிறோம், நீங்கள் ஸ்லைடரை நகர்த்தினால் இனமே மாறிவிடும்.

கேள்வி (கடலூர்): மாடியில் குரோட்டன்ஸ் தொட்டியில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது. இலை மறைக்கிறது, ஒன்றிரண்டை வெட்டிவிட்டு எடுக்கலாமா?

தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்த இலைதான் குஞ்சுக்கு வெயில் மறைப்பு, காகத்திடமிருந்தும் செண்பகத்திடமிருந்தும் காப்பதும் அதுதான். ஃபிளாஷும் வேண்டாம், கூடு இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லவும் வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக எடுங்கள். தாய்ப்பறவை வாயில் இரையோடு பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து கூட்டுக்குப் போகாமல் கத்திக்கொண்டே இருந்தால், நீங்கள் இருப்பதால்தான் போகவில்லை என்று அர்த்தம். உடனே உள்ளே போய்விடுங்கள், குஞ்சு பசியோடு காத்திருக்கிறது.

கேள்வி (ஈரோடு): லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட முடியாது. இலவச மென்பொருள் உண்டா?

டார்க்டேபிள், ராதெரபி இரண்டுமே இலவசம், ரா ஃபைலை நன்றாகக் கையாளும். டார்க்டேபிள் முதல் வாரம் மிரட்டும், விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில்): கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு எப்போது போகலாம்? என்ன லென்ஸ் கொண்டுபோவது?

தண்ணீர் இருக்கும் வருஷமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் பறவைகள் வர ஆரம்பித்து, கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, ஜூன், ஜூலை வாக்கில் கிளம்பும். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். பறவைகள் மிரளக்கூடாது என்று பட்டாசு வெடிக்காமல் இருக்கும் ஊர் அது, போகிறவர்களும் சத்தம் போடாமல் நடந்துகொள்ளுங்கள். தெருவிலிருந்தே எடுக்கலாம் என்பதால் கைவசம் 70-300 இருந்தால் அதுவே போதும். பாதிக் கூடுகள் நிழலிலும் பாதி வெயிலிலும் இருக்கும், வெள்ளை உடம்பு வெயிலில் இருந்தால் மைனஸ் 1 வைத்து ஆரம்பியுங்கள்.