கூரையை அளந்த பிறகு லிஃப்ட்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டு கராஜில் கார் லிஃப்ட் வைப்பது பற்றி டர்பன் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் கராஜில் தரைக்கும் சீலிங்குக்கும் இடையே 2.6 மீட்டர். வீட்டில் ஒரு ஹைலக்ஸ் டபுள் கேப் பக்கியும் (பிக்-அப் வண்டி) போலோ விவோ என்ற சிறிய காரும் உண்டு. 4 டன் தாங்கும் இரு தூண் லிஃப்ட் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: வேண்டாம் ஐயா. எடைக் கணக்கு சரி, உயரக் கணக்குதான் உதைக்கிறது. ஹைலக்ஸின் உயரம் சுமார் 1.82 மீட்டர். 2.6-இல் அதைக் கழித்து, கூரை இடிக்காமலிருக்க 10 செ.மீ. விட்டால், வண்டி தரையிலிருந்து 68 செ.மீ.தான் எழும்பும். பிரேக், சக்கர வேலைக்கு அது போதும். போலோ விவோ சுமார் 1 மீட்டர் எழும்பும். ஸ்டூலில் உட்கார்ந்து ஆயில் மாற்றலாம். நிமிர்ந்து நின்று வேலை பார்க்க வண்டிக்கு அடியில் 1.75 மீட்டராவது வேண்டும். அந்த 10 செ.மீ.யையும் சேர்த்தால் போலோவுக்கே சுமார் 3.3 மீட்டர் கூரை தேவை, பக்கிக்கு சுமார் 3.7. இன்னொன்றையும் பாருங்கள்: தரையோடு கேபிள் ஓடும் குட்டை மாடலின் தூண்களே பெரும்பாலும் 2.8 மீட்டர் உயரம். அந்தத் தூணை நிமிர்த்தவே உங்கள் கராஜில் இடமில்லை.

உங்களுக்குப் பொருந்துவது பாதி உயரம் தூக்கும் லிஃப்ட். அதில் இரண்டு வகை. கத்தரிக்கோல்போல் விரியும் வகை உறுதியானது, ஆனால் அதன் மேடை வண்டியின் நடுவயிற்றை மறைத்துவிடும். கியர்பாக்ஸ், சைலன்சர் குழாய் பக்கம் கை போகாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சட்டங்கள் தூக்கும் வகையில் நடுப்பகுதி திறந்திருக்கும், வேலை முடிந்ததும் சுவரோரம் சாய்த்து வைத்துவிடலாம். நாங்கள் இதையே சொல்வோம். வாங்கும்போது சட்டத்தின் நீளத்தைப் பாருங்கள். ஹைலக்ஸின் முன் பின் சக்கர இடைவெளி 3.085 மீட்டர். சிறிய காருக்கென்று செய்த சட்டம் பக்கியின் தூக்கும் இடங்களை எட்டாது. வெறும் வண்டியே சுமார் 2 டன். கேனபி (பின்பக்க மூடி), கருவிப்பெட்டி எல்லாம் சேர்த்தால் 3 டன் தாங்குவதுதான் நிம்மதி. மேலே மடிந்து உள்ளே வரும் கராஜ் கதவாக இருந்தால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உயரத்தை அளந்து பாருங்கள். மூடி வைத்து அளந்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

கூரையை உயர்த்தும் எண்ணமிருந்தால், முதலில் டர்பனின் ஈதெக்வினி நகராட்சியில் வரைபட அனுமதி. லிஃப்டுக்கு முன்பணம் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: கூரை உயரம் போதும். ஆனால் தளம் பழசு, எவ்வளவு கனம் என்று யாருக்கும் தெரியாது. இரு தூண் லிஃப்டைத் தாங்குமா?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: துளை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தூண் வரப்போகும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, நான்கு இடங்களில் 10 மி.மீ. துளை போடுங்கள். முனையை ‘ட’ போல வளைத்த கம்பியை உள்ளே விட்டு, தளத்தின் அடிவிளிம்பில் கொக்கி மாட்டும்வரை மேலே இழுங்கள். தரைமட்டத்தில் கம்பியைக் கிள்ளிப் பிடித்து வெளியே எடுத்து அளந்தால் அதுதான் கனம். 75 மி.மீ. வந்தால் அந்தத் தளத்தில் இரு தூண் லிஃப்ட் கூடாது. தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்பது 100 முதல் 150 மி.மீ.; உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள எண்ணே முடிவு.

தளம் போதாவிட்டால் 4 மீட்டருக்கு 1.5 மீட்டர் துண்டை வெட்டியெடுத்து, 200 மி.மீ. ஆழத்துக்குப் புதிதாகக் கொட்டலாம். 1.2 கன மீட்டர் கான்கிரீட் பிடிக்கும். 30 எம்.பி.ஏ. வலிமையுள்ள கலவை கேளுங்கள், உள்ளே ரெஃப் 193 கம்பி வலை போடுங்கள், ஓரங்களில் பழைய தளத்துக்குள் கம்பி செருகிப் பிணையுங்கள். அடிமண்ணை நன்றாக இடித்து இறுக்காமல் கொட்டினால் பணம் வீண். டர்பன் பகுதியின் ‘பெரியா’ (Berea) சிவப்பு மணல் உள்ள இடங்களில் தண்ணீர் இறங்கினால் மண் அமுங்கும் என்பதால், கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் வராதபடி திருப்பிவிடுங்கள். 28 நாள் பொறுத்த பிறகே போல்ட்.

தூணைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் பிடிக்காமல் சுற்றுவதற்கு முக்கியக் காரணம் துளையில் தங்கிய தூசி. பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி காற்றடியுங்கள். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கும்போது கையேட்டு எண்ணை எட்டாமல் சுற்றிக்கொண்டே போனால் அந்தத் துளை செத்துவிட்டது. இன்னும் முறுக்கிப் பார்க்காதீர்கள். விரிசல் மேலும், தளத்தின் இணைப்புக் கோட்டருகிலும் போல்ட் போடவே கூடாது.

கேள்வி: 2.2 கிலோவாட் ஒற்றை ஃபேஸ் மோட்டார். மெயின் போர்டிலிருந்து கராஜ் 25 மீட்டர். சாதாரண பிளக் போதுமா? கரண்ட் போனால் கார் மேலேயே நின்றுவிடுமா?
– வாசகி, டோங்காட்

பதில்: பிளக் போதாது அம்மா. ஓடும்போது சுமார் 14 ஆம்பியர்தான். கிளம்பும் நொடியில் ஐந்து மடங்கு, 70 ஆம்பியர் வரை இழுக்கும். 2.5 சதுர மி.மீ. ஒயரில் 25 மீட்டர் தாண்டி வருவதற்குள் 30 வோல்ட் போய்விடும். 230 வரவேண்டிய இடத்தில் 200 வந்தால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், கெபாசிட்டர் கருகும். 6 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 13 வோல்ட்டுக்குள் அடங்கும். தனி சர்க்யூட், மோட்டாருக்கான டி வகை பிரேக்கர். பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, தென்னாப்பிரிக்க வயரிங் விதியான எஸ்.ஏ.என்.எஸ். 10142-1 படி சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியை லிஃப்ட் வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. ஆம், நின்றுவிடும். வண்டியை எப்போதும் இரும்பு லாக்கின் மேல் இறக்கி நிறுத்தித்தான் அடியில் போகவேண்டும். ஆயில் அழுத்தத்தை நம்பி ஒரு நிமிடம்கூட வேண்டாம். அந்த லாக்கை விடுவிக்க வண்டியைச் சில அங்குலம் மேலே தூக்கியாக வேண்டும், தூக்க கரண்ட் வேண்டும். லோட் ஷெடிங் வேளையில் கடப்பாரை விட்டு லாக்கை நெம்புவது உயிரோடு விளையாடுவது. லிஃப்டின் மோட்டாரும் ஆயில் பம்பும் அடங்கிய பவர் பேக்கை, கைப்பம்பு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய இரு தூண் லிஃப்ட் ஒன்று கிடைக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், இசிப்பிங்கோ

பதில்: கடலோரத்தில் இருந்த லிஃப்ட் என்றால் முதலில் கேபிள். வெறுங்கையால் தொடாமல், ஒரு பழந்துணியைச் சுற்றிப் பிடித்து நெடுக உருவுங்கள். நூல் மாட்டிக்கொண்டால் அங்கே இழை அறுந்திருக்கிறது. கேபிளை மாற்றாமல் ஏற்றக்கூடாது. அடுத்து, ஒரு காரை 1 மீட்டர் தூக்கி, லாக்கில் இறக்காமல், அடியில் யாரும் இல்லாமல், அரை மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். இறங்கியிருந்தால் பெரும்பாலும் இறக்கும் வால்வில் அழுக்கு, இல்லாவிட்டால் சிலிண்டர் சீல். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியைத் தாங்கும் லிஃப்டின் கைகள் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பற்சக்கரங்கள் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். எந்த நிலையிலும் பழைய ஆங்கர் போல்ட்டை மறுபடி போடாதீர்கள்.

கேள்வி: ஒரு காருக்கு மேல் இன்னொரு காரை நிறுத்தி வைக்க மட்டும்தான். எது நல்லது?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: நான்கு தூண் லிஃப்ட். பல மாடல்களுக்குத் தரையில் போல்ட்கூட வேண்டாம். இரண்டு கார்களின் உயரத்தைக் கூட்டி, மேல் கார் நிற்கும் ஓடுதளத்தின் தடிப்பையும் சேர்த்து, மேலே 15 செ.மீ. விட்டுக் கணக்குப் பாருங்கள். சொட்டுத் தட்டும் சேர்த்து வாங்குங்கள். மேல் காரிலிருந்து பிரேக் ஆயில் ஒழுகினால் கீழ் காரின் பெயின்ட் உரிந்துவிடும்.