கேம்பர் வேன் கேள்வி-பதில்: பேட்டரி எங்கே இறங்குகிறது?

அண்ணாச்சி, பழைய வேனில் படுக்கை, ஃபிரிட்ஜ், பாட்டு செட் எல்லாம் வைத்துக் கட்டியிருக்கிறோம். நாலு நாள் ஷெட்டில் நின்றால் செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது. ஒரே வருஷத்தில் இது இரண்டாவது பேட்டரி. (அம்பாசமுத்திரம்)

மூன்றாவதை வாங்கப் போய்விடாதீர்கள், அதுவும் இதே கதிக்குத்தான் வரும். 500 ரூபாய்க்குள் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். எல்லாவற்றையும் அணைத்துக் கதவைச் சாத்துங்கள். நெகட்டிவ் க்ளாம்பைக் கழற்றி, க்ளாம்புக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது முள் இறங்குகிறதோ, திருடன் அந்த லைனில் இருக்கிறான். மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஞாபகமில்லாமல் திருப்பி மீட்டரையே எரித்தவன் நான்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் பாட்டு செட்டின் ஆம்ப்ளிஃபயர் மேல். பலர் அதை ஃபியூஸ் பெட்டிக்குக் கொண்டுபோகாமல் நேரே பேட்டரியில் மாட்டிவிடுகிறார்கள். அப்படியானால் அந்த வயரையும் தனியாகக் கழற்றிப் பாருங்கள். சும்மா கிடந்து 1 ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-மணி, நாலு நாளில் 96. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் அப்புறம் என்ன மிஞ்சும்? இன்வெர்ட்டரை ஆனில் விட்டாலும் இதே கணக்குதான். அப்படிக் காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து, புது பேட்டரியும் கெட்டுவிடும்.

குற்றாலம் சீசனுக்குப் போனோம். மேலே 100 வாட் சோலார் இருந்தும் இரண்டாவது ராத்திரியே ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. பேனல் பழுதா? (பாளையங்கோட்டை)

பேனல் மேல் தப்பில்லை. 45 வாட் ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடினால் நாளைக்கு 540 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டில் 45 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது, ஆக இருப்பு ஒரு நாளைக்குத்தான். நல்ல வெயிலில் பேனல் 400 வாட்-மணி கொடுக்கலாம். சாரல் மேகத்தில் அதில் கால்பங்கு வந்தாலே பெரிது. சாரலும் வேண்டும், சோலாரும் வேண்டும் என்றால் எப்படி? தங்கும் இடத்தில் கேட்டு ஒரு பிளக் பாயிண்டில் சார்ஜரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே லைட், ஃபேனுக்கென்று தனி பேட்டரி வைத்தோம். அது இறங்கினால் இன்ஜின் பேட்டரியும் சேர்ந்து இறங்குகிறதே? (வள்ளியூர்)

இரண்டையும் வெறும் வயரில் சேர்த்திருக்கிறார்கள். நடுவே வோல்டேஜ் பார்த்துத் தானாகச் சேர்க்கும் சுவிட்ச், அதாவது ரிலே வேண்டும். வண்டி ஓடி 13.3 வோல்ட்டைத் தாண்டினால் சேர்க்கும், 12.8-க்குக் கீழே வந்தால் பிரித்துவிடும். லித்தியம் பேட்டரி வைத்திருந்தால் ரிலே போதாது, கரண்ட்டை அளவாக விடும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். லித்தியம் ஒரேயடியாக இழுத்து, இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும்.

மீட்டரில் 12.6 காட்டுகிறது, ஆனால் செல்ஃப் சுற்றவில்லை. பேட்டரிக்குள் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? (தென்காசி)

ஆர்.ஓ. வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். முதலில் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் விட்டுக் கழுவி, க்ளாம்பை இறுக்குங்கள். பிறகு ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பேட்டரியில் வோல்டேஜ் பார்க்கட்டும். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது. 12-லேயே நின்றால் எர்த் வயரையும் செல்ஃப் மோட்டாரையும் பாருங்கள்.