மாங்குளம் ஸ்டேஷன் மாதிரி: பின்பெட்டிகள் மங்குவது பற்றி

வணக்கம். 1:87 அளவில், அதாவது நிஜத்தின் 87இல் ஒரு பங்காக, நீங்கள் செய்திருக்கும் மாங்குளம் ரயில் ஸ்டேஷன் மாதிரி அருமை. அதைப் படம் எடுத்தால் எஞ்சின் மட்டும் தெளிவாக விழுகிறது, பின்பெட்டிகள் மங்கி எல்லாம் விளையாட்டுச் சாமான் போலத் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். கமராவில் பிழை இல்லை. கிட்டப்போய் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுருங்கத்தான் செய்யும். லென்ஸ் துளையை மிகச் சிறிதாக்கி எஃப் 22 வைத்தாலும், துளை விளிம்பில் ஒளி வளைந்து பரவிப் படம் முழுக்க மழுங்கிவிடும். எஃப் 11 போதும்.

கமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, டைமர் போட்டு, ஃபோகஸை எஞ்சின் மூக்கிலிருந்து கடைசிப் பெட்டிவரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுங்கள். வெளிச்ச அளவும் வெள்ளைச் சமநிலையும் (நிறச் சாயலைச் சீராக்கும் அமைப்பு) படத்துக்குப் படம் மாறக்கூடாது. பிறகு அவற்றை ஃபோட்டோஷாப்பில் லேயர்களாக அடுக்கி, படங்களைப் பொருத்த ஓட்டோ-அலைன், அடுத்து ஒவ்வொன்றின் தெளிவான பகுதியையும் சேர்த்து ஒரே படமாக்க ஓட்டோ-பிளெண்ட். காசில்லாமல் செய்ய ஹியூகின் என்ற இலவச மென்பொருளோடு வரும் கருவிகளும், படங்களை இணைக்கும் என்ஃபியூஸும் இருக்கின்றன.

ஆனால் பொம்மைத்தனத்துக்குப் பெரிய காரணம் நீங்கள் மேலிருந்து எடுத்ததுதான். பிளாட்பாரத்தில் நிற்பவரின் கண் உயரம் 160 சென்ரிமீற்றர் என்றால், உங்கள் மாதிரியில் அது 18 மில்லிமீற்றர்! கமரா அவ்வளவு இறங்காது. அந்தக் கோணத்துக்கு ஃபோனைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் பலகையோடு ஒட்டிவரும்.

வெளிச்சத்துக்குக் காலை வெயில் ஒன்றே போதும். பலகையை முற்றத்துக்குத் தூக்கிவந்தால் பின்னால் உண்மையான வன்னி வானமே கிடைக்கும். எடுக்குமுன் தூரிகையால் தூசி தட்டுங்கள். ஒரு மில்லிமீற்றர் மண்துணிக்கை அங்கே ஒன்பது சென்ரிமீற்றர்க் கல்லாகத் தெரியும்.