கேட்டோ மேனர் நிலத்தை டர்பன்னு போட்டு தேடாதீங்க

கேள்வி: எங்க தாத்தாவுக்கு இப்ப தென்னாப்பிரிக்கா டர்பன் நகரத்துக்குள்ள இருக்கிற கேட்டோ மேனர்ல தோட்டம் இருந்துச்சாம். அப்ப அது டர்பனே இல்லைன்னு ஆயா சொல்றாங்க. நாங்க இப்ப டர்பன்லயே இந்தியர்களுக்குன்னு ஒதுக்கின சாட்ஸ்வொர்த்ல இருக்கோம். பேப்பர் எங்க கிடைக்கும், பறிபோன நிலத்துக்கு கிளெய்ம் போடலாமா?

பதில்: ஆயா சொல்றது சரிதான் தம்பி. அது டர்பனோட முதல் மேயர் ஜார்ஜ் கேட்டோவோட பண்ணை, பின்னாடி துண்டு துண்டா கைமாறுச்சு, கிர்மிட் (ஒப்பந்தக் கூலி வேலை) முடிச்ச நம்மாளுங்க வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ காய்கறி போட்டு டவுனுக்கு கொண்டுபோய் வித்தாங்க. 1932ல டர்பன் கார்ப்பரேஷன் எல்லையை விரிச்சப்ப மேவில், சிடன்ஹாம் பக்கமெல்லாம் சேர்த்து இதையும் உள்ள இழுத்துக்கிச்சு. வரியும் கட்டட ரூல்ஸும் வந்துச்சு. 1950ல இனவாரியா குடியிருப்பைப் பிரிக்கிற குரூப் ஏரியாஸ் சட்டம் வந்ததும் எந்த இனத்தை எங்க வைக்கணும்னு பிளான் போட்டுக் கொடுக்க முன்னாடி நின்னதும் இதே கார்ப்பரேஷன்தான், அதனால 1932 சேர்க்கையில நம்ம ஜனங்களுக்கு லாபம்னு யாராவது சொன்னா எனக்கு சிரிப்புதான் வரும்.

சரி, தேடுறதுக்கு வருவோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸ்ல (பத்திரப் பதிவு ஆபீஸ்) தெருப்பேர் சொன்னா வேலைக்காகாது, பழைய பத்திரத்துல ‘கேட்டோ மேனர் பண்ணையின் இன்ன லாட்டின் இன்ன சப்டிவிஷன்’னுதான் இருக்கும். அந்த நம்பர் வீட்டுல இருக்கிற பழைய வரி ரசீதுல இருந்தாலும் இருக்கும், டிரங்குப் பெட்டியை ஒரு தடவை கிண்டிப் பாருங்க. இல்லைன்னா பெல்லேர் ரோடு அம்பலவாணர் கோயில்ல இருந்து வீடு எவ்வளவு தூரம், எந்தப் பக்கம்னு ஆயாகிட்ட கேளுங்க. அந்தச் சட்டத்தால ஜனங்களைக் கிளப்பிட்டு சுத்தி வீடெல்லாம் இடிச்சாலும் கோயில் அங்கேயே நிக்குது, மேப்ல இடத்தைப் பிடிச்சிடலாம்.

தாத்தா குத்தகைக்காரரா இருந்தா டீட்ஸ்ல அவர் பேரே வராது. அப்ப மாரிட்ஸ்பர்க் ஆர்க்கைவ்ஸ்ல (ஆவணக் காப்பகம்) அவரோட எஸ்டேட் ஃபைல், அதாவது இறந்தவரோட சொத்து ஃபைல், இருக்கான்னு பாருங்க, அதுல இருக்கிற டெத் நோட்டீஸ்ல அப்பா அம்மா பேர், பிள்ளைங்க பேர், சொத்து விட்டுட்டுப் போனாரா எல்லாம் வரும். கிளார்க் காதுல விழுந்தபடி எழுதியிருப்பான், முனுசாமியை முன்சாமி, மூன்சாமின்னும் தேடுங்க.

கிளெய்ம் விஷயம் கொஞ்சம் கஷ்டம். கடைசித் தேதி 1998 டிசம்பர் 31. 2014ல கிளெய்ம் போட திரும்ப வாய்ப்பு கொடுத்த சட்டத்தை 2016ல அரசியல் சட்டக் கோர்ட் அடிச்சிடுச்சு. அதனால புது ஃபார்முக்கு யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க. பெரியப்பா, அத்தைன்னு யாராவது 1998க்கு முன்னாடியே போட்டிருக்காங்களான்னு விசாரிச்சு, ரெஃபரன்ஸ் நம்பர் கிடைச்சா லேண்ட் கிளெய்ம்ஸ் கமிஷன்ல காட்டி ஃபைல் எந்த நிலைமைல இருக்குன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.