பழைய சி புரோகிராம் புது டெபியனில் கம்பைல் ஆகவில்லையா?

கேள்வி: குலசேகரத்தில் மாமாவுக்கு ரப்பர் பால் கொள்முதல் கடை. எடை, டிஆர்சி (பாலில் இருக்கும் உலர் ரப்பரின் சதவீதம்), பாக்கி எல்லாம் பார்க்கிற சி புரோகிராமை 2006-ல் ஒருவர் 32 பிட் லினக்ஸில் எழுதித் தந்தார். அந்த மெஷின் போய்விட்டது. சோர்ஸும் டேட்டா ஃபைலும் இருக்கின்றன. டெபியன் 13 லினக்ஸில் கம்பைல் செய்ய மேக் கமாண்ட் கொடுத்தால் திரை முழுக்க எரர். புதிதாகத்தான் எழுத வேண்டுமா?

வேண்டாம். முதல் எரரை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி மேக் கொடுங்கள், கீழே வருவதில் பாதி தானாகவே போய்விடும்.

டெபியன் 13-ல் இருக்கும் சி கம்பைலர் ஜிசிசி 14. முன்பெல்லாம் வார்னிங்கோடு விட்டுவிட்ட சில விஷயங்களை இது எரர் என்று நிறுத்திவிடும். உங்களுக்கு அதிகம் வருவது ‘இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன்’ ஆகத்தான் இருக்கும். ‘-எஃப்பெர்மிசிவ்’ என்ற ஆப்ஷனைப் போட்டால் கம்பைல் ஆகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், ஆகும்தான், ஆனால் செய்யாதீர்கள். பால் கொண்டுவருகிறவரின் பெயரைத் தேடித் தரும் ஃபங்ஷன் ஒன்று வேறொரு ஃபைலில் இருக்கிறது, அதற்கு டிக்ளரேஷன் இல்லை என்று வையுங்கள். கம்பைலர் அது இன்ட் தருவதாக எடுத்துக்கொள்ளும். 32 பிட்டில் இன்ட்டும் பாயின்டரும் 4 பைட் என்பதால் இத்தனை வருஷம் ஓடியது. 64 பிட்டில் பாயின்டர் 8 பைட், மேல் பாதி வெட்டுப்பட்டு, கடையில் ஆள் நிற்கும்போது செக்மென்டேஷன் ஃபால்ட் அடிக்கும். லைப்ரரி ஃபங்ஷன் என்றால் அதற்குரிய ஹெடரைச் சேருங்கள், சொந்த ஃபங்ஷன் என்றால் ஒரு வரி டிக்ளரேஷன் எழுதுங்கள்.

அடுத்து லிங்க் ஆகும்போது ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ வரலாம். ஹெடரில் குளோபல் வேரியபிளை ‘எக்ஸ்டர்ன்’ இல்லாமல் எழுதியிருப்பார்கள், 2020-ல் வந்த ஜிசிசி 10 முதல் அதற்கு அனுமதி இல்லை. இதற்கு ‘-எஃப்காமன்’ போட்டுச் சமாளிக்கலாம், பெரிய ஆபத்தில்லை. ஆனால் அதை மேக்ஃபைலுக்குள்ளேயே சேருங்கள். கமாண்ட் வரியில் சிஃபிளாக்ஸ் (கம்பைலர் ஆப்ஷன்கள்) கொடுத்தால் மேக்ஃபைலில் ஏற்கெனவே சிஃபிளாக்ஸ் என்று எழுதியிருப்பது எடுபடாது. ‘கர்சஸ்.எச்’ இல்லை என்றால் லிப்என்கர்சஸ்-டெவ் பேக்கேஜைப் போடுங்கள், அவ்வளவுதான்.

சரி, கம்பைல் ஆகிவிட்டது, உடனே பழைய டேட்டாவைத் திறக்காதீர்கள். முதலில் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஒரு ரெக்கார்டின் விவரங்களை வைத்திருக்கும் ஸ்ட்ரக்ட்டை அப்படியே எஃப்ரைட் மூலம் ஃபைலில் எழுதியிருந்தால் சிக்கல் இருக்கிறது: 32 பிட் லினக்ஸில் லாங் 4 பைட், இப்போது 8. டபுளுக்கு முன்னால் விடும் காலியிடமும் மாறும். அதனால் ஒட்டுப்பால் எடை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கோடிக்கணக்கில் எண் வரும், எரர் எதுவும் காட்டாது. ஜிசிசி-மல்டிலிப் பேக்கேஜைப் போட்டு, அதே ஸ்ட்ரக்ட்டை வைத்து ரெக்கார்டுகளைப் படித்து டெக்ஸ்ட்டாக எழுதும் சின்ன புரோகிராம் ஒன்றை ‘-எம்32’ கொடுத்து 32 பிட் புரோகிராமாக கம்பைல் செய்யுங்கள். வந்த டெக்ஸ்ட்டில் நாலைந்து பேருடைய பாக்கியை மாமாவின் பற்று நோட்டோடு ஒத்துப் பாருங்கள், சரியாக இருந்தால் அதிலிருந்து புது ஃபைலை உண்டாக்கிக்கொள்ளலாம்.