தட்டில் விழுந்த வட்டமும் அப்பாவின் கால் புண்ணும்

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். 11 வருடமாகச் சர்க்கரை. வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண் வந்து மூன்று வாரமாகிறது. டாக்டர் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருக்கிறார். அம்மா மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துப் பூசுகிறார். தம்பி கடற்பாசிச் சாறு கேப்சூல் ஒரு டப்பா வாங்கி வந்திருக்கிறான். அந்தப் பாசியின் சாறு சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியைக் கொல்கிறது, ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது என்று ஓர் ஆய்வுக் கட்டுரையையும் அனுப்பினான். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா? அம்மா பாசி எடுக்கப் போகிறவர். "நம்ம கடல்ல விளையுறதுதானே" என்கிறார்.
– மண்டபம் பகுதி வாசகி

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். கேப்சூலை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். புண்ணில் அரைத்துப் பூசுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அப்பாவின் காலைப் பொறுத்தவரை அவசரமான பதில் இவ்வளவுதான். ஆனால் தம்பி அனுப்பிய கட்டுரை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது மெய்யாகவே இருக்கலாம். அப்படியிருந்தும் அந்தக் கேப்சூல் ஏன் அப்பாவுக்கு மருந்தாகாது என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் மூலிகைச் சாறுகளையும் பாசிச் சாறுகளையும் கிருமிக்கு எதிரே வைத்துப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. அந்தச் சோதனை என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

சோதனை இப்படித்தான் நடக்கும். வட்டமான கண்ணாடித் தட்டில் அகர் கூழை ஊற்றி இறுக விடுவோம். அதன்மேல் கிருமியைச் சீராகத் தடவுவோம். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித வில்லையில் சாற்றை ஊறவைத்து நடுவில் வைப்போம். 37 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் விட்டால், தட்டு முழுக்கக் கிருமி வெண்படலமாகப் படர்ந்திருக்கும். சாறு வேலை செய்திருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் விழும். அந்த வட்டத்தின் அகலத்தைத்தான் கட்டுரையில் '14 மில்லிமீட்டர்', '18 மில்லிமீட்டர்' என்று எழுதியிருப்பார்கள்.

மாணவனாக இருந்தபோது கட்டக்கோரை என்ற பழுப்புக் கடற்பாசியின் சாற்றுக்கு எனக்கு முதன்முதலாக அப்படி ஒரு வட்டம் விழுந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் என் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாறே இல்லாமல், அதைக் கரைத்த மெத்தனாலை மட்டும் ஊறவைத்த வில்லையைச் சுற்றி எவ்வளவு?" பார்த்தால் அதற்கும் 9 மில்லிமீட்டர். வில்லையை நன்றாக உலர்த்தாமல் வைத்திருந்தேன். கிருமியைக் கொன்றதில் பாதி பாசி, மீதி சாராயம். அன்றிலிருந்து எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் அந்த வெறும் வில்லையைத்தான் முதலில் தேடுகிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம் அளவு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் வில்லை ஒன்று வைப்பார்கள். அதில் இருப்பது 10 மைக்ரோகிராம் மருந்து. சாறு ஊறிய வில்லையிலோ பல நேரம் சில மில்லிகிராம் இருக்கும். 5 மில்லிகிராம் என்றால் 5000 மைக்ரோகிராம், அதாவது ஐந்நூறு மடங்கு. இரண்டு வட்டமும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் தெரிந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. போதாததற்கு, நீரில் கரையாத பொருள் அகருக்குள் எளிதில் பரவாது. மஞ்சளிலுள்ள குர்குமின் அப்படிப்பட்டது. அதனால் வட்டம் சிறியது என்பதற்காக ஒரு பொருளை வீண் என்று தள்ளவும் முடியாது, பெரியது என்பதற்காக மருந்து என்று கொண்டாடவும் முடியாது.

ஆகவே வட்டத்தை விட்டுவிட்டு, கிருமி வளராமல் நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச அடர்த்தி என்று கட்டுரையில் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பக்குவப்படுத்தாத சாறுகளுக்கு அது ஒரு மில்லிலிட்டருக்கு 1, 2 மில்லிகிராம் என்று வருவது சகஜம். இப்போது கணக்குப் போடுங்கள். பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால், ரத்தத்தில் மட்டுமே 10 கிராம் சாறு இருந்தாக வேண்டும். 500 மில்லிகிராம் கேப்சூலில் இருபது. அதுவும் விழுங்கியதில் துளிகூடக் குடலில் நிற்காமல், ஈரல் எதையும் உடைக்காமல், சதைக்குள் பரவாமல் அத்தனையும் ரத்தத்திலேயே நின்றால்! குர்குமினில் இதை மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். 8 கிராம் விழுங்கிய பிறகும் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமைத் தொடவில்லை. ஸ்டாஃபைலோகாக்கஸை நிறுத்த அதைப்போல நூறு மடங்குக்கு மேல் வேண்டும். மஞ்சளைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. குழம்பில் போடும் மஞ்சள் வேறு வேலைக்கு. கால்விரல் புண்ணில் உள்ள கிருமியை அது போய்ப் பிடிக்காது என்கிறேன்.

'விழுங்காமல் நேரே புண்ணிலேயே பூசினால்?' என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. நேரே பூசும்போது அடர்த்திப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடுகிறது என்பது உண்மை. ஆறாத புண்ணில் கிருமிகள் தனித்தனியாக இருப்பதில்லை. கூட்டமாகச் சேர்ந்து வழவழப்பான படலத்துக்குள் புகுந்துகொள்கின்றன. படலத்துக்குள் போய்விட்ட கிருமியைக் கொல்லத் தட்டில் தேவைப்பட்டதைப்போலப் பல மடங்கு மருந்து வேண்டும். சர்க்கரைக்காரர்களின் நாள்பட்ட புண்ணில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகளும் சேர்ந்துகொள்வது உண்டு. அவற்றுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு இருக்கிறது. உள்ளே நுழைந்ததை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பும் இருக்கிறது. பெரும்பாலான மூலிகைச் சாறுகள் ஸ்டாஃபைலோகாக்கஸிடம் ஜெயித்து இவற்றிடம் தோற்பது அதனால்தான். இதற்கெல்லாம் மேலாக, அம்மியில் அரைத்த இலையோடு மண்ணில் வாழும் கிருமிகளும் அவற்றின் விதைத்துகள்களும் சேர்ந்தே வருகின்றன. மஞ்சள் விழுது காய்ந்து புண்மேல் பொருக்காகி மூடிக்கொண்டால், உள்ளே சீழ் கோத்தாலும் வெளியே தெரியாது. சர்க்கரையால் கால் மரத்துப் போனவருக்கு வலியும் வராது. வலி இல்லை என்பதை ஆறுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குப்பைமேனியைப் பற்றித் தனியாக ஒன்று. அதை உள்ளுக்குக் கஞ்சியாகவோ சாறாகவோ கொடுக்கிறீர்கள் என்றால் உடனே நிறுத்துங்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இலங்கையில் குப்பைமேனிக் கஞ்சி குடித்து அப்படி ஆனவர்களைப் பற்றி மருத்துவர்கள் 1990களிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறை தனக்கு இருப்பது பெரும்பாலோருக்குத் தெரிவதே இல்லை.

அடுத்து ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்ஸிஜனிலிருந்து உண்டாகும் வீரியமான பொருள்களை அழிப்பது. டப்பா மேலே பெரிய எழுத்தில் அதுதான் இருக்கும். இதற்கான சோதனையும் எளிது. டிபிபிஎச் என்ற ஊதா நிறக் கரைசலில் சாற்றை விடுவார்கள். ஊதா வெளிறி மஞ்சளானால் சாற்றுக்கு அந்தச் சக்தி உண்டு. நெல்லிக்காய், தேயிலை, மாதுளைத் தோல், கட்டக்கோரை எல்லாமே இதில் நன்றாகத் தேறும். குழாயில் நிறம் மாறியது உண்மை. ஆனால் உடம்புக்குள் அதே வேலையை அது செய்யும் என்பதற்கு அது சாட்சியாகாது. உணவுகளுக்கு இப்படி மதிப்பெண் போட்டு வைத்திருந்த பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நம் வெள்ளணுக்கள் கிருமியை எப்படிக் கொல்கின்றன தெரியுமா? கிருமியை விழுங்கி, அதன்மேல் ஆக்ஸிஜனிலிருந்து செய்த வீரியமான பொருள்களைக் கொட்டித்தான். எவற்றை அழிப்பதற்காக ஆன்டிஆக்ஸிடன்ட் விழுங்கச் சொல்கிறார்களோ, அதே ஜாதிப் பொருள்கள். பிறவிக் கோளாறால் அவற்றை உண்டாக்க முடியாத குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று வருகிறது. கிருமியோடு போராடும் புண்ணுக்கு அந்த ஆயுதம் வேண்டும். ஆகவே 'கிருமியைக் கொல்லும், ஆன்டிஆக்ஸிடன்ட்டும் கூட' என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதாக நினைத்துவிடாதீர்கள். கேப்சூலாகக் கொடுத்தால் தீங்கே வராது என்பதும் சரியல்ல. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1994இல் வெளிவந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம் வந்திருந்தது. கேரட் சாப்பிடுவது ஒன்று, அதிலிருந்து எடுத்ததை வருடக்கணக்கில் விழுங்குவது வேறொன்று.

இவ்வளவும் சொன்னதால் மூலிகையிலும் கடலிலும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. என் வாழ்நாளின் பெரும்பகுதியை அவற்றுக்காகத்தான் செலவிட்டேன். பாசிக்கு ஓடி ஒளியக் காலில்லை. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியா மிதக்கும். அதற்குள்ளேயே பாறையில் ஒட்டிக்கொண்டு, கடல் வற்றும்போது வெயிலிலும் காய்ந்து பிழைக்க வேண்டும். அதனால்தான் தன்னைக் காத்துக்கொள்ள இத்தனை ரசாயனங்களை உண்டாக்குகிறது. ஆஸ்திரேலியக் கடலிலுள்ள ஒரு சிவப்புப் பாசி கிருமியைக் கொல்லாமலே, கிருமிகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சைகையைக் குழப்பிவிடுகிறது. மரமஞ்சளில் உள்ள பெர்பெரினை எடுத்துக்கொள்ளுங்கள். அது தனியாகப் போனால் கிருமியின் பம்பு வெளியே தள்ளிவிடும். பெர்பெரின் செய்யும் செடிகள் சிலவற்றில் அந்தப் பம்பையே அடைக்கும் இன்னொரு பொருளும் இருப்பதை 2000ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். செடியின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது.

கடற்பஞ்சிலிருந்து கிடைத்த துப்பை வைத்துச் செய்த சைட்டராபின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் ஒரு சீனத்து மூலிகையிலிருந்து வந்தது. அதைக் கண்டுபிடித்த டூ யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். அவருக்கும் ஆரம்பத்தில் சரியான பலன் கிடைக்கவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஒரு பழைய ஏட்டைப் படித்து ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரில் எடுத்த பிறகுதான் பலித்தது. செடி ஒன்றேயானாலும் எடுக்கும் முறை மாறினால் மருந்து மாறிவிடுகிறது. தம்பி அனுப்பிய கட்டுரையில் சாற்றை எதில் எடுத்தார்கள் என்று பாருங்கள். மெத்தனால், எத்தில் அசிடேட் என்று இருக்கும். கேப்சூலில் இருப்பதும் அதே சாறா, அல்லது காயவைத்து அரைத்த வெறும் பாசித்தூளா? டப்பாவில் பெரும்பாலும் அந்த விவரம் இருக்காது. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் மட்டும் இருக்கும். ஊட்டச்சத்துப் பொருள் என்ற பெயரில் விற்பவை அதை அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம்.

பழுப்புப் பாசிகளில் அயோடின் மிக அதிகமாக இருக்கலாம். அப்பாவுக்குத் தைராய்டு கோளாறு இருந்தால் அது குழப்பும். அவற்றிலுள்ள ஃபுகோய்டன் ரத்தம் உறைவதைத் தடுக்கும் தன்மை கொண்டது. ரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

இனி அப்பாவுக்குச் செய்ய வேண்டியது. புண்ணிலிருந்து மாதிரி எடுத்துக் கல்ச்சர் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது வேறெதுவுமில்லை, நான் மேலே சொன்ன அதே தட்டு, அதே காகித வில்லை. ஆனால் இங்கே தட்டில் தடவுவது உங்கள் அப்பாவின் புண்ணில் இருக்கும் கிருமியை. வில்லைகளில் இருப்பது அளவு தெரிந்த மருந்துகள். எத்தனை மில்லிமீட்டர் வந்தால் அந்த மருந்து மனித உடம்பில் கேட்கும் என்பதற்கு வகுத்து வைத்த அட்டவணையும் உண்டு. பாசிச் சாற்றின் வட்டத்துக்கு அப்படி ஓர் அட்டவணை கிடையாது. மூன்று வாரமாக ஆறாத புண்ணுக்கு இந்தச் சோதனை அவசியம். கூடவே எக்ஸ்ரே எடுத்து எலும்பையும், பாதத்துக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புண்ணைக் கழுவ மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் போதும். கடல் தண்ணீரில் கழுவாதீர்கள். 'உப்புத் தண்ணி புண்ணை ஆத்தும்' என்று கடற்கரையில் எல்லோரும் சொல்வார்கள், எனக்கும் தெரியும். ஆனால் வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி இருக்கலாம். சர்க்கரையோ ஈரல் கோளாறோ உள்ளவரின் புண்ணுக்குள் அது புகுந்தால் ஓரிரு நாளில் காலையும் உயிரையும் கேட்டுவிடும். புண் ஆறும் வரை அப்பா கரையில் வெறுங்காலோடு நடக்கவும் வேண்டாம், வலை அலசவும் வேண்டாம். புண்ணைச் சுற்றிச் சிவப்பு இரண்டு விரல்கடை தாண்டினாலோ, துர்நாற்றம் அடித்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அம்மாவுக்குச் சித்த மருத்துவத்தில்தான் நம்பிக்கை என்றால் அதையும் முறையாகச் செய்யலாம். அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. சர்க்கரைப் புண்ணுக்கு அவர்கள் போடும் மத்தன் தைலம் ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு (மயில்துத்தம்) சேர்த்துக் காய்ச்சுவது. வீட்டில் செய்து பார்க்கும் சரக்கல்ல. பதிவு பெற்ற சித்த மருத்துவர் புண்ணைப் பார்த்துப் போட வேண்டியது. அங்கே போவதை இந்த டாக்டரிடமும், இங்கே சாப்பிடும் மாத்திரையை அவரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

'நம்ம கடல்ல விளையுறதுதானே' என்ற அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் அகராகிறது. கல்ச்சர் சோதனைத் தட்டில் ஊற்றுவதும் அகர்தான். கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். நீர் அதிகம் கசியும் புண்களுக்கு ஆல்ஜினேட் கட்டு என்று ஒன்று இருக்கிறது. கசிவை உறிஞ்சித் தானே கூழாகி, புண்ணில் ஒட்டாமல் கழற்ற வரும். காய்ந்த புண்ணுக்கு அது ஆகாது. அப்பாவின் புண் கசிகிறது என்றால் அந்தக் கட்டு சரிப்படுமா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.